நீச்சல் தெரியுமா

ஆறு ஊர்களைக் கட்டம் போட்டு எழுதியிருந்தேன்.
வாடகை. தண்ணீரில் எவ்வளவு உப்பு.
ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கும் மருந்துக்கடை.
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் எத்தனை நிமிடம்.
கடலுக்கென்று கட்டம் போடவில்லை,
ஆறு ஊருக்கும் அதில் ஒரே மார்க்.

அம்பத்தூரில் பத்தொன்பது வருடம்
ஜன்னலைத் திறந்தால்
பக்கத்து வீட்டு ஏசியின் முதுகு.
இப்போது வேலை மடிக்கணினிக்குள் இருக்கிறது.
எந்த ஊரில் வைத்துத் திறந்தாலும்
அதே பற்று, அதே வரவு, அதே ஜிஎஸ்டி.
அப்புறம் எதற்கு அந்த முதுகு?

புதுச்சேரியில் மஞ்சள் சுவர்த் தெருவில்
ஒற்றை அறைக்குச் சொன்ன வாடகையில்
கை தவறி ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டதென்று நினைத்தேன்.
கூடவில்லை.
வைத்திக்குப்பத்தில் ஒரு மாடி வீடு
பிடித்துத்தான் இருந்தது.
'யார் யாரும்மா வர்றீங்க?'
'நான்தான்.'
'சார் பின்னாடி வர்றாரா?'
'பின்னாடி யாரும் இல்ல.'
அவர் சாவியைத் தேட ஆரம்பித்தார்,
கையிலேயே இருந்த சாவியை.

தேவனாம்பட்டினத்தில்
பால்கனியில் நின்றால் கடல் தெரியும் என்றார்கள்.
நின்றேன்.
நகைக்கடைப் பலகை ஒன்று,
அதில் சிரிக்கும் மணப்பெண்ணின் தோளுக்கும்
கம்பிக்கும் நடுவே
உள்ளங்கை அளவு நீலம்.
அந்த உள்ளங்கைக்கு மாதம் இரண்டாயிரம் கூடுதல்.
குடும்பப் போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள்.
பூனையின் படம் இருந்தது. அனுப்பவில்லை.

கடலூர் ஓ.டி. என் பட்டியலில் கடைசி.
சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.
திரும்பிப்போக ரயிலுக்கு மூன்று மணி நேரம் கிடந்ததால்
போனேன், வேறொன்றுமில்லை.

ஜுலைகா
மருந்துக்கடையில் பில் போடுகிறவள்.
சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து திறந்துவிட்டாள்.
மற்றவர்கள் முதலில் சமையலறையைக் காட்டினார்கள்,
இவள் சுவரைக் காட்டினாள்.
என் இடுப்புக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு
அறை முழுக்கச் சுற்றி வந்தது.
'பதினஞ்சுல தண்ணி இவ்ளோ நின்னுச்சு.
பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுரும். நாந்தான் அடிக்கல.
மேல ஓடு பூரா புதுசு. பழசு தானே புயல்ல போச்சு.
தெக்கால காத்து திரும்புனா
கம்பெனி நாத்தம் வரும். சாத்தி வச்சாலும் வரும்.
ஃபிரிட்ஜுக்கு அடியில பலகை போடுங்க,
இல்லன்னா ரெண்டே வருசம், துரு.
கடல் தெரியாது. உப்பனாறுதான்.
அதுவும் படகு மறைக்காத நேரமா பாத்து.'

அடுத்த கேள்விக்கு
பதிலை நாக்கிலேயே வைத்திருந்தேன்.
ஒருத்திதான், ஒருத்திதான் என்று
எட்டு வீட்டு வாசலில் சொல்லித் தேய்ந்த பதில்.
அவள் என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்:
'நீச்சல் தெரியுமா?'

தெரியாது.

'அப்ப ஐப்பசி, கார்த்திகை மட்டும்
மாடியில படுத்துக்கங்க.'
சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
கடைக்கு நேரமாகிவிட்டது.
அட்வான்ஸை அவள் பின்னாலேயே நடந்துபோய்
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்தேன்.
ஒரு தலைவலி மாத்திரையும் வாங்கினேன்.

வந்து பதினொரு நாள்.
நேற்று நடுநிசியில் காற்று திரும்பி
நாற்றம் வந்தது, அவள் சொன்ன அதேமாதிரி.
சொல்லிவிட்டு வந்த விருந்தாளிக்கு எழுவதுபோல
எழுந்து உட்கார்ந்தேன்.
பூனை ஒரு தும்மல் போட்டுவிட்டு
பலகைமேல் நிற்கும் ஃபிரிட்ஜின் மேல் ஏறிக்கொண்டது.

தம்பி வீடியோவில் கேட்கிறான், 'கடல் எங்கக்கா?'
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன்.
டடடடவென்று ஒரு படகு
அவன் காதுக்குள் போகிறது.
'அது என்ன சுவத்துல? அசிங்கமா இருக்கு,
காலண்டர் மாட்டி மறைச்சிரு.'

காலண்டரை மாட்டிவிட்டேன்.
கோட்டுக்கு ஒரு சாண் மேலே,
நனையாத இடமாகப் பார்த்து.